சாவித் துவாரம் இல்லாத லாரி

என் லாரிக்குச் சாவி கிடையாது. செய்தவர்களே சாவித் துவாரம் வைக்கவில்லை. ஒரு சுவிட்சைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுந்துகொள்ளும். நிறுத்துவதற்கு ஒரு கைப்பிடியை இழுத்து டீசலை அடைக்க வேண்டும். கதவிலும் பூட்டு இல்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் இதைப் பெரிய குறையாக நினைத்தேன். பூட்டை எங்கே பொருத்தலாம் என்று ஒரு மாலை முழுவதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் உறைத்தது. இந்த வண்டி நின்ற இடங்களில் எல்லாம் காவலுக்கு ஆள் நின்றிருக்கிறார். நள்ளிரவில் உத்தரவு வந்தால் எந்த ஓட்டுநர் அருகில் இருக்கிறாரோ அவர் ஏறி எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாவி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதுதான் அங்கே ஆபத்து. இந்த லாரிக்குப் பூட்டு இருக்கத்தான் செய்தது. அது லாரிக்கு வெளியே, அதைச் சுற்றி நின்ற படையில் இருந்தது.

நான் வாங்கியது லாரியை மட்டும். படை உடன் வரவில்லை. அந்த மாலையிலிருந்து இந்த வண்டியில் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்து வருகிறேன். இந்தப் பாகத்தை வடிவமைத்தவர் அதற்குப் பின்னால் யார் நிற்பதாக எண்ணியிருந்தார்? அந்த ஆள் இப்போது இல்லையென்றால் அவருடைய வேலையை யார் செய்யப்போகிறார்கள்? பழைய ராணுவ லாரியை வாங்கியவர்களில் பலர் முதலில் பெரிய டயரையும் விளக்குகளையும் தேடுவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் இந்தக் கேள்வியைச் சொல்ல வேண்டும் என்று பல நாட்களாக ஆசை. அதற்காகவே இந்தக் கட்டுரை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தரைப்படையின் எம்35ஏ2. இரண்டரை டன் வகை. இரண்டாம் உலகப் போரின் ஜிஎம்சி லாரிகளுக்குப் பின் வந்த தலைமுறை. ரியோ நிறுவனம் வடிவமைத்து, 1950களின் தொடக்கத்தில் படைக்குள் வந்த குடும்பம் இது. பிறகு கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் ஆகியவையும் இதைத் தயாரித்தன. இரண்டரை டன் என்பது சாலையில்லாத நிலத்தில் ஏற்றக்கூடிய சுமை. நல்ல சாலையில் இரு மடங்கு ஏற்றலாம். வெறும் வண்டியே ஏறத்தாழ 6 டன். மூன்று அச்சுகள், பத்து டயர்கள், ஆறு சக்கரங்களுக்கும் விசை. எஞ்சின் விசையை இருபுறச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர்த் தொகுதி மூன்று அச்சுகளிலும் ஒரே வகை. ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். போர்க்களத்தில் இரண்டு உடைந்த லாரிகளிலிருந்து ஓடும் லாரி ஒன்றை உருவாக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவர்களின் வேலை அது. அந்த யோசனை எனக்கும் உதவுகிறது. அதனால் அதில் கை வைக்கமாட்டேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு ஒரு மாதம் கையேடுகளைப் படித்தேன். படையின் தொழில்நுட்பக் கையேடுகள் அடுக்கடுக்காக இருக்கும். எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் ஓட்டுநருக்கு. 20 என்றால் அந்தப் பிரிவின் மெக்கானிக்குக்கு. 34 என்றால் பின்தளத்திலுள்ள பெரிய பணிமனைக்கு. ஓட்டுநர் எண்ணெய் அளவு பார்ப்பார், டயரைப் பார்ப்பார், காற்று டேங்கின் நீரை வடிப்பார். சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவை மெக்கானிக் மாற்றுவார். எஞ்சினைப் பிரிப்பது பணிமனையின் பொறுப்பு. யார் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் அந்தக் கையேடுகள் மிகக் கண்டிப்பானவை. மூன்று தொகுதிகளையும் மேசையில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது, அந்த மூன்று ஆட்களும் இனி நான்தான் என்பது எழுத்திலேயே தெரிந்தது.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது கசிவுகளைத் தரம் பிரிக்கும் விதம். ஈரம் தெரிகிறது, ஆனால் துளி உருவாகவில்லை என்றால் முதல் வகை. துளி உருவாகித் தொங்குகிறது, சோதிக்கும் நேரத்தில் கீழே விழவில்லை என்றால் இரண்டாம் வகை. துளி விழுந்தால் மூன்றாம் வகை. எஞ்சின் எண்ணெயிலும் கியர் எண்ணெயிலும் முதல் இரண்டு வகைகளோடு, அளவைக் கவனித்துக்கொண்டு, ஓட்டலாம். மூன்றாவது என்றால் மேலே தெரிவிக்க வேண்டும். பிரேக் திரவத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் ஈரம் தெரிந்தாலே வண்டி நிற்க வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் “எண்ணெய் கசிகிறது” என்று பொதுவாகச் சொல்லிப் பதறுவார்கள், அல்லது பொதுவாகச் சொல்லி மறந்துவிடுவார்கள். துளி விழுகிறதா, தொங்குகிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டால் பதற்றமும் போகும், மறதியும் போகும். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு படையில் சேர்ந்த இளைஞர்களுக்காக எழுதிய பாடம் அது. 1951 முதல் அமெரிக்கத் தரைப்படை பராமரிப்புக்கென்றே ஒரு படக்கதை மாத இதழை நடத்தியது. கிரீஸ் போடுவதைக் கூடக் கதையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அக்கறை எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

அந்தக் கசிவுச் சோதனையின் முதல் சுற்றிலேயே வலப்பக்க நடுச் சக்கரத்தில், டயரின் உட்புறச் சுவரில், மங்கிய ஊதா நிறத்தில் ஒரு வழிசல் தெரிந்தது. என் பதினான்கு வயது மகள்தான் கண்டாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவள், “அப்பா, எண்ணெய் ஏன் ஊதா நிறத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள். ஊதா என்றால் சிலிகோன் பிரேக் திரவம். 1980களில் படை தன் வண்டிகளை அதற்கு மாற்றியது. சாதாரண பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். சிலிகோன் உறிஞ்சாது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லது. ஆனால் உள்ளே எப்படியோ புகுந்த நீரை அது தனக்குள் கரைத்துக்கொள்ளவும் செய்யாது. அந்த நீர் குழாயின் தாழ்ந்த இடத்தில், அதாவது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் அடிப்பக்கத்தில், தேங்கி நின்று இரும்பை அரிக்கும். கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. மேல்பாதி புதியதைப் போல மின்னியது.

இப்போது இந்த லாரியின் மிகப் பெரிய உண்மைக்கு வருகிறேன். எம்35ஏ2இன் பிரேக் ஒற்றைச் சுற்று. ஓட்டுநர் காலடியில் தரைத்தகட்டுக்குக் கீழே, மிதியை மிதித்தால் திரவத்தைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து வரும் திரவ அழுத்தத்தை, அமுக்கிய காற்றின் உதவியால் பெருக்கித் தரும் ஒரு பூஸ்டர். அதிலிருந்து ஆறு சக்கரங்களுக்கும் போகும் ஒரே தொடர் குழாய். ஆறில் ஏதாவது ஒரு வீல் சிலிண்டர், ஏதாவது ஒரு ரப்பர் ஹோஸ், ஏதாவது ஓரிடத்தில் துருப்பிடித்த குழாய் விட்டுப்போனால் ஆறு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். காற்று தீர்ந்தாலாவது மிதி கல்லாகிவிடும், முழுப் பலத்தோடு மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். திரவம் போனால் மிதி தரையைத் தொடும். பிறகு கைப்பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

இதை வடிவமைத்தவர்கள் அலட்சியக்காரர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவர்கள் காலத்தில் பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் இருந்தன. அதோடு அவர்களுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஓட்டுநர் குனிந்து பார்ப்பார், குறித்த இடைவெளியில் மெக்கானிக் சக்கரத்தின் மையமான ஹப்பைக் கழற்றுவார், யாராவது ஒருவர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்ற நம்பிக்கை. இரண்டாவது பிரேக் சுற்று அந்தக் காகிதம்தான். படையை விட்டு வெளியேறிய நாளில் வண்டி அந்த இரண்டாவது சுற்றை இழந்தது. பிறகு எத்தனை ஆண்டுகள் திறந்த வெளியில் நின்றதோ, எத்தனை கைகள் மாறியதோ. ஊதா வழிசலைப் பார்த்த அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன், ஆறு சக்கரங்களும் பிரிக்கப்படும் வரை இந்த லாரி வாசலைத் தாண்டாது என்று.

ஆறு சக்கரங்களைப் பிரிப்பது வாயால் சொல்லும் அளவுக்கு எளிதன்று. இதில் டிரம்மை மட்டும் தனியாக இழுக்க முடியாது. டிரம் ஹப்போடு சேர்ந்தது. அச்சுத்தண்டை உருவி, பேரிங் நட்டைக் கழற்றி, ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாக வெளியே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ஆயில் சீல்களையும் மாற்றிவிட வேண்டும். பழைய சீலைத் திரும்பப் போடுவது, இன்னும் சில மாதங்களில் கியர் எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்குவதற்கு நாமே நாள் குறித்துக் கொடுப்பதாகும். ஒவ்வொரு பக்கமும் ஒரு வார இறுதி போயிற்று. வண்டியை ஜாக்கியில் தூக்கிய பின் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. லாரியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் அச்சுக்கும் கீழே வலுவான தாங்கிகள், அவற்றுக்குக் கீழே உறுதியான தரை, தூக்காத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டைகள். 6 டன் எடையை மென்மையான மண்ணில் நிறுத்தித் தூக்கினால் மண் முதலில் ஒப்புக்கொண்டதுபோல நடித்துப் பத்து நிமிடம் கழித்து இறங்கும். நான் காங்கிரீட் தளம் போட்ட பிறகுதான் இதைத் தொடங்கினேன்.

இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடப்புரி கொண்டவை. வலப்பக்கத்துக்குப் பழகிய கையோடு இங்கே வந்து அதே திசையில் திருகினால் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போவோம். நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் நுனியில் எல் என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். துருவையும் பெயிண்டையும் சுரண்டினால்தான் தெரியும். எனக்கு முன்பு இதைக் கையாண்ட யாரோ ஒருவர் அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை. இடப்பக்கப் பின்சக்கரத்தில் இரண்டு ஸ்டட்டுகள் முறுகி உடைந்திருந்தன.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் படிந்த தூசியை அமுக்கிய காற்றால் ஊதித் தள்ளுவது பலருக்கும் பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகத்தில் சரியான முகமூடி வேண்டும். பெயிண்டும் இப்படித்தான். 1980களிலிருந்து படை வண்டிகளுக்குப் பூசிய, ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பச்சைப் பூச்சில் ஐசோசயனேட் உண்டு. அடியிலுள்ள பூச்சுகளில் குரோமியம் சேர்மங்களும் இருக்கலாம். ரசாயன ஆயுதம் மேலே தெளித்தாலும் கழுவிவிட்டு ஓட்ட வேண்டும் என்பதற்காக உருவாக்கியது அது. வீட்டில் கிரைண்டரை வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நம் நுரையீரலுக்குள்தான் போகும். வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அதை ஈரமாகத் தேய்த்து எடுத்த பிறகே நெருப்பை அருகில் கொண்டுபோகிறேன்.

புதிய வீல் சிலிண்டர்கள் ஆறு, புதிய ரப்பர் ஹோஸ்கள், செம்பும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத குழாய்கள். இந்த அளவோடு நின்றிருந்தால் வண்டியைப் பழையபடி ஆக்கியிருப்பேன். பழையபடி என்பது எனக்குப் போதவில்லை. அதனால் இரட்டைச் சுற்றுக்குப் போனேன். இரண்டு அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, பூஸ்டர்கள் இரண்டு. முன் அச்சு ஒரு சுற்று. பின்னால் உள்ள இரண்டு அச்சுகளும் சேர்ந்து மற்றொரு சுற்று.

சொல்வதற்கு ஒரு வரிதான். செய்வதற்குக் கணக்கு வேண்டும். பின்சுற்றில் நான்கு வீல் சிலிண்டர்கள், முன்சுற்றில் இரண்டு. ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனும் ஷூவை டிரம்மில் தொடவைக்க எவ்வளவு நகர வேண்டும், அதற்கு எவ்வளவு திரவம் வேண்டும், மாஸ்டர் சிலிண்டரின் அந்த அறை ஒரே மிதியில் அவ்வளவு திரவத்தைத் தள்ளுமா? தள்ளாவிட்டால் மிதி தரையைத் தொட்ட பிறகும் ஷூ டிரம்மைத் தொடாது. விட்டம் பெரிய மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் திரவம் போதும், ஆனால் அதே கால்பலத்துக்கு அழுத்தம் குறையும். இந்த இழுபறியில் மூன்று வாரம் காகிதத்திலேயே இருந்தேன். ஷூக்களின் இடைவெளியை எவ்வளவு நெருக்கமாகச் சரிசெய்து வைக்கிறோமோ அவ்வளவு குறைவான திரவம் போதும் என்பதைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. அதாவது, என்னதான் புதிய பாகம் போட்டாலும் அந்தப் பழைய மெக்கானிக்கின் வேலையான ஷூ சரிசெய்வதிலிருந்து எனக்கு விடுதலை இல்லை.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும், வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மகள் மிதியில், நான் அடியில். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி நெருங்கி நெருங்கி வந்தோம். சிலிகோன் திரவம் கொஞ்சம் வேகமாக ஊற்றினாலும் நுண்ணிய குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டிலைக் குலுக்காமல், மெதுவாக, குழாயின் உட்சுவரில் வழியும்படி ஊற்ற வேண்டும். சாதாரணத் திரவத்தோடு அதைக் கலந்துவிடவும் கூடாது. முதல் நாள் மிதி பஞ்சுபோல இருந்தது. இரவு முழுவதும் விட்டுவிட்டு மறுநாள் மறுபடியும் எடுத்தபோது கெட்டிப்பட்டது.

பிறகு நான் காத்திருந்த சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றழுத்தத்தை ஏற்றினோம். முன் அச்சின் ஏர் எடுக்கும் திருகை வேண்டுமென்றே திறந்து, அதில் மாட்டிய குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டேன். முன்சுற்று விட்டுப்போன நிலை. “மிதி” என்றேன். மகள் மிதித்தாள். போத்தலுக்குள் ஊதாத் திரவம் பீறிட்டது. மிதி முன்பைவிட ஆழமாக இறங்கியது, ஆனால் நின்றது. தரையைத் தொடவில்லை. நான் பின்னால் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தியிருந்த நடுச் சக்கரத்தை இரு கையாலும் சுழற்றப் பார்த்தேன். அசையவில்லை. பின்சுற்றைத் திறந்து, முன்சக்கரத்தைத் தூக்கி, மறுபடியும் செய்தோம். அதுவும் பிடித்தது. எஞ்சின் சத்தத்தில் அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அருகில் வந்து மறுபடி கேட்டாள்: “இதுக்கு முன்னாடி இப்படித் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” சொன்னேன். சற்று நேரம் அந்த லாரியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மின்சாரப் பக்கம் கதை வேறு. அங்கே படை விட்டுச்சென்றது தனி ஆளுக்கும் பொருந்தியது. இந்த லாரி 24 வோல்ட்டில் ஓடுவது, 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக. வயர்கள் அத்தனையும் கறுப்பு. நிறத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று முதலில் மலைப்பு வரும். ஆனால் ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் பொறித்த ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கிறது. நிறம் மங்கும், சேறு படியும், இரவில் தெரியாது. பொறித்த எண்ணை விரலால் தடவிக்கூடக் கண்டுகொள்ளலாம். இணைப்பிகள் ரப்பர் உறை போட்டு நீர் புகாதவை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலானவை உள்ளே பளபளப்பாகவே இருந்தன.

கெட்டுப்போயிருந்தது பிறகு வந்தவர் சேர்த்தது. ரேடியோவுக்கும் கைப்பேசிக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு வயர் இழுத்திருந்தார்கள். பார்வைக்கு இது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. சுமை தாங்கும் பாட்டரி நாளுக்கு நாள் வறண்டுகொண்டே போகும். மற்றது, ஏற்கெனவே நிறைந்த பிறகும் அதே மின்னோட்டத்தை வாங்கிக் கொதிக்கும். ஒன்று பட்டினியால் சாகும், மற்றொன்று அஜீரணத்தால். அந்த வயரை வெட்டியெறிந்துவிட்டு, 24 வோல்ட்டை முழுதாக வாங்கி 12 ஆக்கித் தரும் மாற்றி ஒன்றைப் பொருத்தினேன். அதிலிருந்து போகும் வயர்களுக்கும் எண் பொறித்த பட்டை போட்டேன், படையின் எண்களோடு குழம்பாதபடி 900இல் தொடங்கி. எனக்குப் பிறகு இதைத் திறப்பவர் எது எப்போது சேர்த்தது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. பூட்டுக் கேள்விக்கும் இங்கேதான் விடை. பாட்டரி இணைப்பை முழுதாகத் துண்டிக்கும், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய கைப்பிடி கொண்ட சுவிட்ச் ஒன்று. ஸ்டியரிங்கில் ஒரு சங்கிலி. காவலுக்கு நின்றவரின் இடத்தில் இப்போது அவை இரண்டும் நிற்கின்றன.

எஞ்சினை நான் அதிகம் தொடவில்லை. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. சுமார் 130 குதிரைத்திறன்தான், ஆனால் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என்று கிடைத்ததைக் குடித்து ஓடும்படி செய்தது. ஜெர்மனியின் மான் நிறுவனம் உருவாக்கிய எரிப்பு முறை அது. பிஸ்டன் தலையில் உருண்டையான ஒரு குழி, அதன் சுவரில் எரிபொருளைப் படலமாகத் தெளித்து ஆவியாக்கி எரிப்பார்கள். எந்த எரிபொருள் வந்திருக்கிறது என்பதைப் பிசுபிசுப்பை வைத்து உணர்ந்து, தள்ளும் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு கருவி ஒன்று டீசல் பம்ப்பில் இருக்கிறது. வழங்கல் வரிசை அறுந்துபோகும் நாளுக்கான ஏற்பாடு. என் வாழ்க்கையில் அந்த நாள் இல்லை. நான் டீசல் மட்டுமே ஊற்றுகிறேன். அந்தக் கருவியின் ரப்பர் வளையங்கள் கசியத் தொடங்கியபோது அதைத் தவிர்த்துவிட்டு எரிபொருளை நேராக விட்டேன். இப்படி ஒன்றைக் கழித்ததும் என் கணக்கில் பழுதுபார்ப்புதான். டர்போவின் கீச்சொலி மட்டும் காதைத் துளைக்கும். காதுக்கு உறை போடாமல் நாங்கள் யாரும் ஏறுவதில்லை. சீட் பெல்ட்டுகளும் வைத்தேன். செய்தபோது அவை இல்லை. இருக்கையின் தகட்டில் மாட்டாமல் சேசிஸுக்கு வலுவாக இணைந்த சட்டத்தில் மாட்டினேன்.

டயர் விஷயத்தில்தான் எனக்கும் மற்ற வண்டிக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு. பின்னால் இரட்டை இரட்டையாக உள்ள எட்டு டயர்களை எடுத்துவிட்டு, மொத்தமே ஆறு பெரிய அகலமான டயர்களைப் போடுவது மிகப் பரவலான மாற்றம். பார்க்க கம்பீரமாக இருக்கும். இரட்டை டயர்களுக்கு இடையே கல் சிக்கும் தொல்லையும் போகும். ஆனால் விட்டம் கூடுவதால் கியர் விகிதம் மாறுகிறது. பழைய 9.00-20 டயரிலிருந்து 395/85ஆர்20க்குப் போனால் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். பிரேக்குக்கு எதிரான நெம்புகோலும் அதே அளவு நீளும். அதாவது அதே டிரம், அதே ஷூ, குறைந்த நிறுத்தும் பலம். ஸ்டியரிங்குக்குப் பவர் உதவியும் கிடையாது என்பதால் அகலமான டயரோடு நின்ற இடத்தில் திருப்புவது தோளை உடைக்கும் வேலை. இதோடு என் லாரியில் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சைத் தானாகவே இணைக்கும் வகை. பின்சக்கரம் வழுக்கினால் உள்ளே உள்ள பற்றிகள் பிடித்துக்கொண்டு முன்னால் விசையை அனுப்பும். முன் டயர் பின் டயரைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் உலர்ந்த சாலையிலும் அது பிடித்துக்கொண்டு முறுக்கேறும். ஆறையும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் வைக்க முடியுமென்றால் மாற்றுங்கள். நான் பத்து டயரோடு இருக்கிறேன்.

ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் டயரை ரிம்மோடு பிடித்து வைப்பது தனியான ஒரு பூட்டு வளையம். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் வெடித்துத் தெறிக்கும். ஆளைக் கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸோடு, பக்கவாட்டில் நின்று காற்றேற்றும் வசதி இருப்பவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் செய்யக் கூடாத வேலையும் உண்டு என்பதில் எனக்கு வெட்கமில்லை.

மாற்றியமைப்பது இந்த லாரிக்குப் புதிதன்று. 1967 செப்டம்பர் 2 அன்று வியட்நாமில், ஆன் கே அருகே 19ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு வரிசை பதுங்கித் தாக்கப்பட்டது. அதற்குப் பிறகு 8ஆவது போக்குவரத்துக் குழுவின் வீரர்கள் இந்த இரண்டரை டன் லாரிகளிலேயே மரப்பலகையும் மணல்மூட்டையும் அடுக்கி இயந்திரத் துப்பாக்கி பொருத்தினார்கள். மழையில் நனைந்த மணல் எடை கூடி வண்டியை அழுத்தவே, இரும்புத் தகடுக்கு மாறினார்கள். அதுவும் கனத்தது. பிறகு பெரும்பாலும் ஐந்து டன் லாரிகளுக்குப் போனார்கள். அந்த வீரர்களுக்கு அவசரம் இருந்தது, உயிரே பணயத்தில் இருந்தது. அப்படியும் வண்டி தாங்கும் எடையை அவர்களால் பேசி மாற்ற முடியவில்லை. பின்தளத்தில் தங்கும் அறை ஒன்றை நான் கட்டத் தொடங்கியபோது முதலில் வாங்கியது எடைபோடும் கருவி. ஒவ்வொரு பலகையும் மேலே ஏறுவதற்கு முன் ஒரு நோட்டில் ஏறுகிறது. அறையை மூன்று புள்ளிகளில் மட்டும் தாங்குகிறேன். இந்தச் சேசிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொண்டு வளைவதற்காகவே செய்தது. நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினால் சேசிஸ் அறையைப் பிளக்கும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறு காலையும் சோதனை நடக்கிறது. படை பயன்படுத்திய தாளைப் பார்த்து மகள் எங்களுக்கென ஒரு தாள் வரைந்திருக்கிறாள். காற்று டேங்குகளின் வடிகாலை அவள் இழுப்பாள், சீறிக்கொண்டு கொஞ்சம் நீர் வரும். நான் ஹப்களில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். எண்ணெய், குளிர்விப்பு நீர், பெல்ட்டு, நட்டுகள். கண்ணாடித் துடைப்பான்கூட இதில் காற்றால் ஓடுவது, அதையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள். போன வாரம் இடப்பக்க நடு ஹப்பின் அடியில் புதிய ஈரம் ஒன்று. நான் துணியால் துடைத்துவிட்டு முகர்ந்து பார்த்தேன், கியர் எண்ணெய். அவள் என்னிடம் துணியை வாங்கித் தானும் முகர்ந்தாள். எஞ்சினைச் சூடாக்கி, வண்டியை வாசல்வரை ஓட்டித் திரும்பி வந்து, விளக்கோடு இருவரும் படுத்து ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். துளி திரளவில்லை. அவள் எழுந்து தாளில் “முதல் வகை” என்று எழுதிவிட்டு, கையெழுத்துக்கான இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.